வைப்பாற்றங்கரையில் கடற்சங்கு: வெம்பக்கோட்டை வளையல்களும் கரையொதுங்கு பொருளின் வரலாறும்

ஆய்வுச்சுருக்கம்

சிவகாசிக்குத் தெற்கே, வைப்பாற்றங்கரையில் உள்ள வெம்பக்கோட்டையில் 2022 முதல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை மேற்கொண்ட அகழாய்வுகளில் சங்கு வளையல்கள் பெருமளவில் கிடைத்துள்ளன. கடலிலிருந்து 60 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில், கரிசல் நிலத்தில், இச்சங்கு எவ்வாறு வந்து சேர்ந்தது, யாரால் வளையாக்கப்பட்டது என்னும் வினாக்களை இக்கட்டுரை எழுப்புகிறது. கடலில் மூழ்கி எடுத்த உயிர்ச்சங்கு மட்டுமன்றிக் கரையில் ஒதுங்கியதும் மண்ணில் புதைந்து கிடந்ததுமான இறந்த சங்கும் கைத்தொழிலுக்குப் பயன்பட்ட வரலாறு கவனிக்கப்படுகிறது. இவ்வேறுபாட்டை அறியும் சான்று முழு வளையல்களில் அன்றி, அறுத்து எறிந்த கழிவுத் துண்டுகளிலேயே மிகுதியாக உள்ளது என்பது கட்டுரையின் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: சங்கு, வளை, வெம்பக்கோட்டை, வைப்பாறு, கொற்கை, கரையொதுங்கு பொருள், கைத்தொழில் வரலாறு

முன்னுரை

விஸ்வநத்தம் சிவகாசியை ஒட்டிய ஊராட்சியாகும். பட்டாசு, தீப்பெட்டி, அச்சு ஆகிய மூன்று தொழில்களாலும் அறியப்படும் இவ்வட்டாரத்தில் கடலை நினைவூட்டும் பொருள் எதுவும் எளிதில் கண்ணில் படாது. வானம் பார்த்த கரிசல் நிலமும் வறண்ட காற்றும் இங்கே பட்டாசுத் தொழில் வேரூன்றக் காரணமாயின என்பர். (ஊர்ப்பெயரின் ஈற்றிலுள்ள 'நத்தம்' குடியிருப்பு நிலத்தைக் குறிக்கும் சொல், சங்கைக் குறிக்கும் 'நந்து' என்னும் சொல்லோடு ஒலியொப்புமை ஒன்றை மட்டும் கொண்டு அதற்கு உறவு கற்பிப்பது ஆய்வாகாது.) ஆயினும், இங்கிருந்து தெற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், வெம்பக்கோட்டையை அடுத்த விஜயகரிசல்குளத்தில் உள்ள மேட்டுநிலத்தை அகழ்ந்தபோது, மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்ட பொருள்களில் கடலுக்குரிய சங்கு முதன்மையான இடம் பெற்றது.

2022 மார்ச்சில் தொடங்கிய முதற்கட்ட அகழாய்வில் 3,254 தொல்பொருள்கள் பதிவாயின. நுண்கற்கருவிகள், சுடுமண் உருவங்கள், தக்களிகள், வட்டச்சில்லுகள், கண்ணாடி மணிகள் ஆகியவற்றோடு சங்கு வளையல்களும் அவற்றுள் அடங்கும். அடுத்து வந்த கட்டங்களிலும் சங்கு தொடர்ந்து கிடைத்தது. முழுமை பெறாத வளையல்களும் கிடைத்தமையால், இங்கே சங்கு வளையல் செய்யும் தொழிற்கூடம் இருந்திருக்கக்கூடும் என்னும் கருத்து முன்வைக்கப்பட்டது. நாளிதழ்கள் அக்கருத்தை முடிந்த முடிபாகவே வெளியிட்டன. அது பெரிதும் ஏற்கத்தக்க கருத்தே. எனினும் 'தொழிற்கூடம்' என்னும் சொல் விடையளிப்பதைக் காட்டிலும் மறைப்பது மிகுதி. சங்கு யார் கையிலிருந்து வந்தது? அறுத்தவர் யார்? அறுத்த பின் எஞ்சியது எங்கே போயிற்று?

கடலுக்கும் கரிசலுக்கும் இடையில்

மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றும் வைப்பாறு, வெம்பக்கோட்டையைக் கடந்து, சாத்தூர் வழியாகக் கிழக்கே சென்று, விளாத்திகுளம் வட்டத்தில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அதன் முகத்துவாரத்தை அடுத்துள்ள கடற்கரை ஊர் சிப்பிகுளம். ஊர்ப்பெயரே அக்கரையின் இயல்பைச் சொல்கிறது. வைப்பாறு ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறன்று. படகுப் போக்குவரத்துக்கு ஏற்றதும் அன்று. ஆனால் ஆற்றின் கரை, வறண்ட காலத்தில் இயல்பான வழித்தடமாக அமையும். நெய்தல் நிலத்து உப்பை வண்டிகளிலும் பொதிகளிலும் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டு சென்ற உமணரைச் சங்க இலக்கியம் பலவிடங்களில் காட்டுகிறது. உப்பு சென்ற வழியில் உலர்மீனும் சங்கும் சென்றிருக்கும் என்று கருதுவதில் பிழையில்லை. சங்கு கனமானது; ஆனால் கெடாதது. ஊறிய உப்பு வண்டியின் அடியில் கிடந்தாலும் அதற்குக் குறைவில்லை.

உள்நாட்டு ஊர்களில் சங்கு வளையல் கிடைப்பது புதிதன்று. நொய்யலாற்றங்கரைக் கொடுமணலிலும் வையைக் கரைக் கீழடியிலும் சங்கு வளையல் துண்டுகள் கிடைத்துள்ளன. கடற்கரையை ஒட்டிய அழகன்குளமும் கொற்கையும் இயல்பாகவே சங்கு மிகுந்த இடங்கள். கொற்கையில் 1968-69இல் இரா. நாகசாமி மேற்கொண்ட அகழாய்வில் கிடைத்த கரிமக் காலக்கணிப்பு அவ்வூரின் தொன்மையைக் கி.மு. 8ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டு சென்றது. அதற்கு முன்பே, சென்னை மாகாண அரசின் முத்து, சங்குக் குளிப்புப் பொறுப்பில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், கொற்கைப் பகுதியில் வாள் பட்ட சங்குத் துண்டுகள் கிடப்பதைக் கண்டு, அங்கே பண்டு வளையறுக்கும் தொழில் நடந்ததை உணர்ந்தார். 1914இல் வெளிவந்த அவரது சங்கு பற்றிய தனிநூல் இன்றும் இத்துறையில் தவிர்க்க இயலாத நூலாக உள்ளது. ஹார்னெல் கடலியலார், தொல்லியலார் அல்லர். ஆயினும் அவர் கண் முழு வளையலைத் தேடவில்லை. வயலில் கிடந்த கழிவைத் தேடியது. பின்வந்த தொல்லியல் அறிக்கைகள் பலவற்றில் இந்தக் கண் இல்லாமற் போனது வியப்பே.

சங்கு வளையாகும் முறை

தமிழகத்தில் வளையலுக்குப் பயன்பட்ட சங்கு, விலங்கியலார் டர்பினெல்லா பைரம் என்று குறிக்கும் இனமாகும். மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா ஆகியவற்றின் மணற்பாங்கான அடித்தரையில் அது வாழ்கிறது; மணலிலுள்ள புழுக்களை உண்கிறது. உயிருடன் எடுக்கப்படும் சங்கின் மேல் பழுப்பு நிற மேற்றோல் ஒன்று படிந்திருக்கும். அதை நீக்கினால்தான் பாலின் வெண்மை தெரியும். ஓடு தடித்தது, சுற்றுகள் நெருக்கமானவை, நடுத்தண்டு உறுதியானது. மற்ற கடற்சிப்பிகள் பலவற்றை விட்டு இதனையே வளையலுக்குத் தேர்ந்தமைக்கு இத்தடிப்பே காரணம். சிந்துவெளி நாகரிகக் காலத்திலேயே குஜராத்துக் கடற்கரையின் நாகேஸ்வர் போன்ற இடங்களில் இவ்வினச் சங்கை அறுத்து வளை செய்தனர். ஜோனதன் மார்க் கெனோயர் அக்கழிவுத் துண்டுகளை வகைப்படுத்தி, அவற்றை இக்கால வங்காளத்துச் சங்கறுப்போரின் வேலைமுறையோடு ஒப்பிட்டு ஆராய்ந்துள்ளார்.

வேலைமுறை பின்வருமாறு அமையும். சங்கின் உச்சியைச் சுத்தியலால் தட்டித் திறந்து, உள்ளிருக்கும் நடுத்தண்டை உடைத்து வெளியேற்றுவர். கூடான உடற்சுற்றை வாளால் குறுக்கே அறுத்து வளையங்கள் எடுப்பர். ஒரு சங்கிலிருந்து, அதன் அளவைப் பொறுத்து, மூன்று முதல் ஐந்து வரை வளையங்கள் கிடைக்கும். பின்னர் உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் தேய்த்துச் சமன் செய்து, வேண்டுமாயின் கோடும் கோலமும் வெட்டுவர். டாக்காவின் சங்காரி பஜாரில் பிறை வடிவிலான பெரிய இரும்பு வாளைக் கொண்டு, தரையில் அமர்ந்து, சங்கைக் காலால் இறுக்கிப் பிடித்து அறுத்ததை ஹார்னெல் விரிவாக வரைந்துள்ளார். ஒவ்வோர் அறுப்பும் நுண்ணிய வெண்பொடியை எழுப்பும். அறுப்பவர் அதைச் சுவாசித்தே வேலை செய்வர்.

ஆக, ஒரு சங்கில் வளையலாகிப் போவது ஒரு பகுதியே. உச்சி, நடுத்தண்டு, வாய்விளிம்பு, வால்முனை, அறுக்கும்போது உடைந்த வளையம் ஆகியன செய்த இடத்திலேயே கிடக்கும். விற்பனைக்குப் போன வளையல் எங்கும் கிடைக்கலாம். கழிவோ செய்த இடத்தில்தான் குவியும். ஓர் ஊர் வளையல் அணிந்த ஊரா, வளையல் செய்த ஊரா என்பதைக் கழிவே சொல்கிறது.

சங்கப் புலவர் கண்ட கழிவு

இவ்விடத்தில் அகநானூற்றின் 24ஆம் பாடல் சிறப்பாக நோக்கத்தக்கது. ஆவூர் மூலங்கிழார் பாடிய இப்பாடல், வேள்வி செய்யாத பார்ப்பனர் வாளரம் கொண்டு சங்கை அறுத்து வளை எடுப்பதைச் சொல்கிறது. உரையாசிரியரும் சமூக வரலாற்றாசிரியரும் இதுகாறும் பெரிதும் பேசியது அப்பார்ப்பனரைப் பற்றியே. வேள்வி செய்யாதவர் கைத்தொழில் செய்தனர் என்னும் செய்தி சாதி வரலாற்றுக்கு முக்கியமானதுதான். ஆயின், உவமை எதை நோக்கியது என்பது கவனம் பெறவில்லை. புலவர் உவமையாக எடுத்தது வளையை அன்று. வளையை அறுத்து நீக்கிய பின் எஞ்சிய சங்கின் தலையை. அதற்கு அவர் இடும் பெயர் 'கொழுந்து'. கட்டவிழாத, சுரிந்த முகமுடைய பகன்றையின் வெள்ளரும்பு அக்கொழுந்தைப் போன்றது என்கிறார்.

இவ்வுவமை பொருந்த வேண்டுமாயின், கேட்போர் அக்கழிவைக் கண்டிருக்க வேண்டும். திருகிச் சுருண்டு, ஒரு பக்கம் வாளால் வெட்டுண்டு, வெண்மையாகக் கிடக்கும் உச்சித் துண்டு அவர்களுக்குத் தெருவில் காணும் பொருளாக இருந்திருக்கிறது. அகழாய்வுக் குழியில் இன்று கிடைக்கும் துண்டும் அதுவே. கெனோயர் ஆங்கிலத்தில் வகைப்படுத்திய கழிவு வகைகளுள் ஒன்றுக்குத் தமிழில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாகவே பெயர் உண்டு. தொல்லியல் அறிக்கைகளில் 'உச்சிக் கழிவு' என்றும் 'மேற்பகுதித் துண்டு' என்றும் மொழிபெயர்ப்பதைவிடக் 'கொழுந்து' என்றே வழங்குவது தகும்.

மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி மதுரைத் தெருவின் கைவினைஞர்களை அடுக்கும்போது சங்கை அறுத்துக் கடைவோரையும் சேர்க்கிறது. மதுரையும் கடற்கரை நகரன்று. ஆகவே, கடற்கரையில் அறுத்த வளையல் உள்நாட்டுக்கு வந்ததோடு, முழுச் சங்கே உள்நாட்டுக்கு வந்து அறுபட்டதற்கு இலக்கியச் சான்று உள்ளது. வெம்பக்கோட்டையை இவ்வரிசையில் வைத்துக் காணலாம். 'வளை' என்னும் ஒரே சொல் சங்கையும் கைவளையையும் குறிப்பதும், 'கோடு' என்பதும் அவ்வாறே வழங்குவதும், பொருளும் அதன் பயனும் தமிழில் பிரியாமல் நின்றதைக் காட்டுகின்றன. அகத்திணைத் தலைவியின் கையிலிருந்து நெகிழும் வளைகளைப் பற்றிய ஆய்வுகள் ஏராளம். அவற்றை அறுத்தவரைப் பற்றியவை மிகச் சில.

உயிர்ச்சங்கா, கரைச்சங்கா?

சங்கு என்றவுடன் மூழ்குவோரை நினைப்பது வழக்கம். முத்துக் குளித்தலோடு சங்கு குளித்தலும் பரதவரின் தொழிலாக இருந்ததும், இரண்டும் அரசுரிமையாகக் கருதப்பட்டதும் உண்மை. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க நூலான பெரிப்ளூஸ், கொற்கையின் முத்துக் குளிப்பில் தண்டனை பெற்ற கைதிகள் ஈடுபடுத்தப்பட்டதைச் சொல்கிறது. பிற்காலத்தில் போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் எனத் தூத்துக்குடியை ஆண்டோர் அனைவரும் குளிப்பு உரிமையைத் தம் கையில் வைத்தனர். பாக் விரிகுடாப் பக்கத்தில் சேதுபதிகள் அவ்வுரிமையைக் கொண்டிருந்தனர். அரசின் சங்குக் குளிப்பில் ஒவ்வொரு சங்கும் அளவு வளையத்தில் இட்டுப் பார்க்கப்பட்டது. அளவிற் சிறியவை கடலுக்கே திருப்பி விடப்பட்டன. இவையெல்லாம் ஏடுகளில் உள்ளன. வரி வாங்கிய தொழிலுக்கு ஏடு உண்டு.

கரையில் ஒதுங்கியதைப் பொறுக்கியவருக்கு ஏடு இல்லை. காற்று மாறும் பருவங்களில் அலை மணலைக் கிளறி இறந்த சங்குகளையும் சிப்பிகளையும் கரையில் சேர்க்கும். அவற்றை எடுக்கப் படகு வேண்டா, மூச்சடக்கும் பயிற்சியும் வேண்டா. முதியோரும் பெண்களும் சிறாரும் எடுக்கலாம். வெம்பக்கோட்டைச் சங்கு குளித்து எடுக்கப்பட்டதாயின், அதன் பின்னால் குளிப்போர், படகு, உரிமை, வரி, வணிகர் என ஓர் ஒழுங்கு நின்றிருக்கும். பொறுக்கி எடுக்கப்பட்டதாயின், வைப்பாற்று முகத்துவாரத்தின் குடும்பங்களுக்கும் கரிசல் ஊர்க் கைவினைஞருக்கும் இடையே நேரடியான சிறுகொடுக்கல்வாங்கல் ஒன்று நடந்திருக்கும். இரண்டும் வெவ்வேறு சமூக வரலாறுகள்.

கரைச்சங்கு வளையலுக்கு ஆகாது என்னும் எதிர்வாதம் உண்டு. அதில் உண்மையும் உண்டு. இறந்த சங்கில் மேற்றோல் கழன்றுவிடும். அலையில் உருண்டு பளபளப்பு மங்கும். துளையிடும் கடற்பஞ்சும் புழுக்களும் ஓட்டைக் குடைந்து சிறுசிறு துளைகளாக்கும். அவ்வோடு வாளின்கீழ் எளிதில் முறியும். அறுப்பவர் உயிர்ச்சங்கையே விரும்புவர். விலையும் அதற்கே கூடும். எனினும் விரும்புவது வேறு, கையாள்வது வேறு.

இதற்கு யாழ்ப்பாணம் தெளிவான சான்று தருகிறது. யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் சேற்றுக்குள் நெடுங்காலமாகப் புதைந்து கிடந்த இறந்த சங்குகளை, இரும்புக் கம்பியால் சேற்றைக் குத்திப் பார்த்துத் தோண்டியெடுக்கும் தொழில் 19ஆம் நூற்றாண்டிலும் அதன் பின்னும் நடந்தது. அச்சங்குகள் வங்காளத்துக்கு வளையலுக்காகவே ஏற்றுமதியாயின. உயிர்ச்சங்கைவிடக் குறைந்த விலைக்குப் போனாலும் அவற்றுக்கு வாங்குவோர் இருந்தனர். தோண்டுவதற்கு உரிமம் வேண்டும் எனும் அளவுக்கு அத்தொழில் வளர்ந்தமையால், இலங்கையின் குடியேற்ற அரசு 1890இல் சங்குச் சட்டம் ஒன்றை இயற்றியது. டாக்காவின் தேர்ந்த அறுப்போரே இறந்த சங்கை அறுத்தனர் என்றால், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட வெம்பக்கோட்டையில் அதை ஒதுக்கியிருப்பர் என்று முன்முடிவு கொள்ள இடமில்லை.

இவ்வினாவுக்கு விடை மண்ணிலேயே இருக்கிறது. தேய்த்து மெருகிட்ட வளையலில் துளையுள்ள பகுதி நீக்கப்பட்டிருக்கும். மேற்புறம் முழுவதும் இழைக்கப்பட்டிருக்கும். ஆகவே முழு வளையல் இவ்வினாவுக்குப் பெரும்பாலும் பேசாது. கொழுந்திலும் நடுத்தண்டிலும் வாய்விளிம்பிலும் சங்கின் இயற்கையான மேற்பரப்பு அப்படியே நிற்கும். அங்கே கடற்பஞ்சின் துளை உண்டா, அலை தேய்த்த மழுங்கல் உண்டா, துளை ஓட்டின் வெளிப்புறத்தில் மட்டுமா அல்லது உட்புறத்திலுமா எனப் பார்க்கலாம். உயிர்ச்சங்கின் வெளிப்புறத்திலும் துளை விழுவதுண்டு. உள்ளே உயிர் இருக்கும்வரை உட்புறம் காக்கப்படும். உட்சுவரில் குடைவு இருந்தால் அது இறந்தபின் கிடந்த சங்கே. எளிய உருப்பெருக்கிக் கண்ணாடியே இதற்குப் போதும்.

'தொழிற்கூடம்' என்னும் சொல்

சிவகாசி வட்டாரத்தில் 'தொழிற்கூடம்' என்றால் மனக்கண்ணில் எழுவது வேலியிட்ட வளாகமும் தனித்தனி அறைகளும் வேலைநேரமும்தான். 1923இல் ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பித் தொடங்கியது அவ்வகைத் தொழில். (தூத்துக்குடிச் சங்கு கல்கத்தாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த அதே காலத்தில், கல்கத்தாவிலிருந்து தீக்குச்சி செய்யும் அறிவு இக்கரிசலுக்கு வந்தது என்பது வணிக வரலாற்றின் சுவையான எதிரோட்டம்.) ஆனால் அதே தீப்பெட்டித் தொழிலின் பெரும்பகுதி வேலை வளாகத்துக்கு வெளியே, வீட்டுத் திண்ணையில், பெட்டி ஒட்டும் பெண்களின் கையில் நெடுங்காலம் நடந்ததை இவ்வட்டாரத்தார் அறிவர். எண்ணிக்கைக்குக் கூலி, வேலைக்கு இடம் வீடு. அத்தொழிலின் வரலாற்றை ஆலைச்சுவருக்குள் மட்டும் தேடினால் பாதி வரலாறே கிடைக்கும்.

வெம்பக்கோட்டையைப் பற்றியும் இவ்வெச்சரிக்கை வேண்டும். சங்கறுப்புக்கு உலை வேண்டா, பெரிய கட்டடம் வேண்டா. ஒரு வாள், ஒரு சுத்தியல், ஒரு தேய்கல், அமர ஒரு நிழல். இவை எந்த வீட்டு முற்றத்திலும் அமையும். அகழாய்வுக் குழிகளில் கழிவு ஓரிடத்தில் குவிந்துள்ளதா, பல குழிகளில் சிறிது சிறிதாகச் சிதறியுள்ளதா என்பதே இதனைத் தீர்க்கும். குவியல் எனின், ஒரு பட்டறை. சிதறல் எனின், பல வீடுகளின் வேலை. தக்களிகள் கிடைத்திருப்பதால் நூல்நூற்றலும் அதே முற்றங்களில் நடந்திருக்கலாம். அவ்வாறாயின், சங்கைத் தேய்த்து இழைக்கும் வேலையில் பெண்களின் பங்கு என்ன என்னும் வினாவும் தவிர்க்க இயலாதது. அகநானூற்றுப் பாடல் அறுப்பவரை ஆணாகக் காட்டுகிறது. இழைப்பவரைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

எறியப்படாத கழிவு

கழிவு என்பதும் முழுதாகக் கழிந்த பொருளன்று. நடுத்தண்டு மணியாகவும் மோதிரமாகவும் கடைந்தெடுக்கப்பட்டது. மீந்த துண்டும் பொடியும் சூளைக்குப் போயின. சங்கையும் சிப்பியையும் நீற்றினால் கிடைப்பது தரமான சுண்ணாம்பு. கல்லிலிருந்து எடுக்கும் சுண்ணாம்பைவிட இது வெண்மை மிக்கது. கட்டடப் பூச்சிலும் வெற்றிலையிலும் இதற்கே மதிப்பு. கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டியும் முட்டையின் வெண்கருவும் சேர்த்து அரைத்துப் பூசிய சுவர்கள் சலவைக்கல்லைப் போல மின்னும். மதுரையில் 1636இல் எழுந்த திருமலை நாயக்கர் அரண்மனையின் தூண்கள் அதற்குச் சான்று. சித்த மருத்துவத்தில் சங்கு பற்பம் இன்றும் வழங்குகிறது. வளையலுக்கு ஆகாத சிறுசங்கு, வாய்விளிம்பு தேய்க்கப்பட்டு, குழந்தைக்குப் பால் புகட்டும் சங்காகத் தமிழ் வீடுகளில் தலைமுறைகளாக இருந்தது. வெள்ளியிலும் எவர்சில்வரிலும் இன்று விற்கப்படும் பாலாடை அதன் வடிவத்தையே கொண்டுள்ளது.

இப்பயன்களே தொல்லியலுக்கு ஒரு சிக்கலையும் ஏற்படுத்துகின்றன. கழிவு நீற்றப்பட்ட ஊரில் கழிவு குறைவாகவே கிடைக்கும். ஆகவே கழிவு இல்லை என்பதைக் கொண்டு தொழில் இல்லை எனல் கூடாது. கொற்கை வயல்களில் ஹார்னெல் கண்ட துண்டுகள் நீற்றுவோர் கைக்குத் தப்பியவையாக இருக்கலாம்.

வங்கம் சென்ற சங்கு

தமிழகத்தில் சங்கு வளையலைப் பெண்கள் அணியும் வழக்கம் இடைக்காலத்தில் தேய்ந்தது. பொன்னும் கண்ணாடியும் அவ்விடத்தைப் பிடித்தன. சங்கோ தொடர்ந்து எடுக்கப்பட்டது. வாங்கும் கைகள் மட்டும் மாறின. 1563இல் கோவாவில் அச்சான தம் நூலில் கார்சியா த ஓர்த்தா, இக்கடலின் சங்கு வங்காளத்துக்கு அனுப்பப்படுவதையும் அங்கே பெண்கள் அதை வளையாக அணிவதையும் எழுதுகிறார். வங்காளத்து மணமான இந்துப் பெண்ணின் 'சாங்கா' இன்றும் மங்கலச் சின்னம். தமிழக மீன்வளத்துறை எடுத்த சங்கு இருபதாம் நூற்றாண்டிலும் மேற்கு வங்கத்துக் கைவினைஞருக்கே பெரும்பாலும் சென்றது. மூலப்பொருளைத் தரும் கரையாகத் தமிழகமும், பொருளாக்கும் நாடாக வங்கமும் நின்ற இப்பிரிவினை என்றுமுள்ளது என எண்ணிவிட எளிது. வெம்பக்கோட்டையின் உடைந்த வளையம் ஒவ்வொன்றும் அதற்கு மறுப்பு.

கரையின் இற்றைநிலை

கரையில் கிடப்பது யாருக்கும் உரியதன்று, ஆகவே எடுப்போருக்கு உரியது என்னும் பழைய வழக்கம் இன்று செல்லாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் கடினப் பவளங்கள் அனைத்தும் சங்கு, சிப்பி வகைகள் சிலவும் சேர்க்கப்பட்டன. இராமேஸ்வரத்திலும் கன்னியாகுமரியிலும் சிப்பியால் விளக்கு, கண்ணாடிச் சட்டம், மாலை செய்து பிழைக்கும் குடும்பங்களுக்கு, எது சட்டத்துக்கு உட்பட்டது, எது உட்படாதது என்பது ஒவ்வொரு நாளும் எழும் கேள்வி. வளையலுக்குரிய சங்கினம் அவ்வட்டவணையில் இடம்பெறவில்லை. பவளக்கல்லோ கரையில் இறந்து ஒதுங்கியதாயினும் தடை செய்யப்பட்டது.

தடைக்குக் காரணம் உண்டு. கட்டுமானத்துக்கும் சுண்ணாம்புக்கும் தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறை பல்லாண்டுகள் வெட்டி எடுக்கப்பட்டதன் விளைவாகப் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் கடலுள் மூழ்கின. கரையில் பொறுக்குவோர் செய்த வேலையன்று அது. பாறையை உடைத்து வண்டியேற்றியோர் செய்தது. சட்டம் இருவரையும் ஒரே சொல்லால் அழைக்கிறது. வரலாறு அவ்வாறு அழைக்க வேண்டியதில்லை. பொறுக்குதலும் குளித்தலும் அகழ்தலும் மூன்று வெவ்வேறு உழைப்புகள்; மூன்றுக்கும் கரையோடு வெவ்வேறு உறவு.

விஜயகரிசல்குளத்து அருங்காட்சியில் முழு வளையல்களும் அழகிய வேலைப்பாடுடைய துண்டுகளும் பார்வைக்கு வைக்கப்பட்டன. அறிக்கைகளில் எண்ணிக்கை பெறுவனவும் அவையே. வெம்பக்கோட்டைக் குழிகளின் கொழுந்து, நடுத்தண்டு, வாய்விளிம்பு ஆகியன வகைவாரியாகப் பிரிக்கப்பட்டு, குழிவாரியாகவும் மண்ணடுக்குவாரியாகவும் எடையிடப்பட்டு, உட்சுவரின் குடைவும் மேற்பரப்பின் தேய்வும் குறிக்கப்பட்டு ஒரு பட்டியல் வெளிவருமாயின், சிப்பிகுளத்துக் கரையில் குனிந்து பொறுக்கியவரா, ஆழ்கடலில் மூச்சடக்கி மூழ்கியவரா இச்சங்கைத் தந்தார் என்பதை அதிலிருந்தே படிக்கலாம். கொற்கையிலும் அழகன்குளத்திலும் கிடைத்த கழிவையும் அதே அளவைகளால் அளந்தால், கடற்கரை ஊர் தனக்கு நல்ல சங்கை வைத்துக்கொண்டு தேய்ந்ததை உள்நாட்டுக்கு அனுப்பியதா, அல்லது வைப்பாற்று வழி தனக்கெனத் தனிக் கரையைக் கொண்டிருந்ததா என்பதும் தெளிவாகும்.